மொலூக் கானூமின் மேற்குச் சுவர்

வீட்டில் ஓதம் உண்டா, சுவரில் எங்கேயாவது பூசணம் பிடித்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது, மொலூக் கானூம், அதாவது மொலூக் அம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல் "இல்லை" என்றாள். அதோடு விட்டாளா? எங்கள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் டாக்டரம்மா என்று வேறு சேர்த்துக்கொண்டாள். டாக்டர் சொதூதே தலையை ஆட்டிவிட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். அந்த நேரம், வைத்தியத்துக்கு வந்திருந்த தூபா அங்கே இல்லை. அவளை எக்ஸ்ரே எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் இருமுகிற சத்தம் மட்டும் கதவைத் தாண்டிக் கேட்டது.

அந்த "இல்லை" பொய். பூசணம் இருந்தது. எந்த அறையில், எந்தச் சுவரில், எதற்குப் பின்னால் என்று வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒருத்திதான் டாக்டர் முன்னால் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இதை நான் அவளைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளே தன்னைத் திட்டிக்கொண்டது ஏழு ஜென்மத்துக்குப் போதும். ஆனால் ஈரானின் வடகோடியில் இருக்கிற எங்கள் ரஷ்த் ஊரைத் தெரியாதவர்களுக்கு இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று புரியாது. இந்த ஊரில் ஓதம் இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். மழை இங்கே மேலிருந்து மட்டுமா பெய்கிறது? பக்கவாட்டில் அடிக்கிறது, தரையிலிருந்து ஏறுகிறது. மேற்குப் பார்த்த சுவருக்கெல்லாம் வெளிப்பக்கம் தகரச் சட்டை போட்டு வைத்திருக்கிறோம். அப்படியும் எந்த வீட்டு அம்மாவிடமாவது உங்கள் வீட்டில் ஓதம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டிலா, யார் சொன்னது என்று சண்டைக்கு வருவாள். சுவரில் கறுப்புப் புள்ளி என்றால் மழையின் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளை சோம்பேறி என்றுதான் ஊர் பேசும்.

மொலூக்குக்கு அது இன்னும் ஒரு படி மேலே. அவள் இருபத்தாறு வருஷம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தரை துடைத்து, கக்கூஸ் கழுவி ஓய்வு பெற்றவள். அரிசி லாரி ஓட்டுகிற கியூமர்ஸைக் கட்டிக்கொண்டு பீர்சரா தெருவுக்கு வந்தபோது மாமியார்க்காரி அவளுக்கென்று தனித்தட்டு வைத்தாள். கையில் பிளீச் நாற்றம் அடிக்கிறதாம். முதல் நாள் சாப்பாட்டில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருக்க, கியூமர்ஸின் தங்கை, பதினோரு வயசு வாண்டு, எழுந்து வந்து மொலூக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தட்டிலேயே கை போட்டுச் சாப்பிட்டது. "அண்ணி கையில சுத்தமான வாசனைதான் வருது" என்று தாயைப் பார்த்துச் சொல்லவும் செய்தது. அந்த வாண்டுதான் தூபா.

அதற்கப்புறம் மொலூக் தூபாவைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தாள். தலையில் பேன் வாரினாள், பரீட்சைக்கு எழுப்பிவிட்டாள். தூபா படித்து, டீச்சராகி, தெஹ்ரானுக்குப் போய்க் கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் தனியாக இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணிக்கு போன் வரும். மாமியார் செத்துப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தனித்தட்டு மட்டும் மொலூக்கின் மனசிலிருந்து போகவே இல்லை. அதனால்தான் தேய் தேய் என்று தேய்ப்பாள். ஜன்னல் கண்ணாடியைத் தேய்ப்பாள், வாசல் படியைத் தேய்ப்பாள், தேநீர் கொதிக்கிற சமோவாரைத் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் பார்ப்பாள். தெருவில் சுத்தத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் மொலூக்கைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டில், அதுவும் விருந்தாளி அறையில், பூசணம்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பதிலேயே நல்ல அறை விருந்தாளிக்கு. நல்ல கம்பளம் அங்கே, கண்ணாடி அலமாரி அங்கே, பஞ்சு மெத்தை, கம்பளி என்று படுக்கைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, கட்டம் போட்ட பட்டுத் துணியால் மூடி வைப்பதும் அங்கேதான். வீட்டுக்காரர்கள் அந்த அறைக்குள் போவதே இல்லை. கதவு சாத்தியே இருக்கும். ஹீட்டர் எரியாது, ஜன்னல் திறக்காது. குளிரும் ஓதமும் சேர்ந்து குடித்தனம் பண்ண இதைவிடத் தோதான இடம் எது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளிர்காலத்தில், மகளைப் பெண் பார்க்க இஸ்ஃபஹானிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று ஏற்பாடு. திங்கட்கிழமை மொலூக் அறையைத் துடைக்கப் போய்ப் படுக்கை அடுக்கை நகர்த்தினாள். மேற்குச் சுவரில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் கறுப்பு. கியூமர்ஸ் பக்கத்து ஊரான ஃபூமனில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தான். ஸஃபரைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிடு என்று போனில் சொன்னான். சுவர் பூசுகிற ஸஃபருக்கும் போன் போட்டாள். வெளித்தகரத்தில் எங்கேயோ இணைப்பு விட்டிருக்கும், அதை அடைத்து, உள்பூச்சை உடைத்து, சுவரை ஒரு மாசம் காயவிட்டுத்தான் மறுபடி பூச முடியும் என்றான் அவன். ஒரு மாசமா? வெள்ளிக்கிழமை சம்பந்தி வீடு வருகிறது! மொலூக் கடைவீதிக்குப் போனாள். தங்கப்பூப் போட்ட சுவர்க்காகிதம், மேலே பிளாஸ்டிக் தோல் உள்ளது, துடைத்தால் பளபளக்கும் என்று கடைக்காரன் சொன்னதை வாங்கி வந்து கறுப்பின் மேலேயே ஒட்டினாள். அதன் முன்னால் படுக்கைகளைப் பழையபடி அடுக்கினாள். கியூமர்ஸ் திரும்பி வந்ததும் வேலை முடிந்தது என்றாள். மகளுக்குக் கல்யாணம் ஆனது. சுவரை எல்லோரும் மறந்தார்கள், அவளைத் தவிர.

இந்தக் குளிர்காலம் தெஹ்ரானில் புகை மண்டிக்கிடந்தது. தூபாவுக்கு இருமல் விடவில்லை. நாலைந்து மாசம் புகையில்லாத ஊரில் இருந்தால் சரியாகிவிடும் என்று அங்குள்ள டாக்டர் சொன்னார். தெஹ்ரான்காரர்களுக்கு நல்ல காற்று என்றால் வடக்குதான், மழையும் காடும் கடலும் உள்ள எங்கள் பக்கம்தான். தூபா அண்ணி வீட்டுக்குக் கிளம்பி வந்தாள்.

விருந்தாளி அறையைத் தவிர வேறு எங்கே படுக்க வைப்பாள்? மொலூக் தன் சீதனத்தில் வந்த கம்பளி மெத்தையை, அடுக்கில் அடியில் கிடந்ததை, இழுத்து விரித்தாள். தொட்டபோது கொஞ்சம் சில்லென்று இருந்தது. மழைக்காலத்தில் எது சில்லென்று இல்லை என்று உதறிப் போட்டாள். காகிதத்தைப் பார்த்தாள். அங்கங்கே லேசாக உப்பியிருந்தது, ஆனால் பூவெல்லாம் பூவாகத்தான் இருந்தது. அடுக்கைச் சுவரோடு நெருக்கி வைத்தாள். சுவர்தானே, கடிக்கவா போகிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள்.

தூபாவின் இருமலுக்கு அவள் செய்த வைத்தியத்தைச் சொன்னால் உங்களுக்கே வயிறு எரியும். யூகலிப்டஸ் இலையைப் போட்டு ஒரு பானைத் தண்ணீரை அறை ஹீட்டரின் மேல் வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்கவிட்டாள். நெஞ்சுச் சளிக்கு ஆவி நல்லது என்று இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். குளிர் காற்று பட்டுவிடக் கூடாதே என்று ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினாள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. தூபா அதிகம் இருமினால் இன்னும் ஒரு பிடி இலை போட்டாள். பாசம் அத்தனையும் ஆவியாகப் போய் அந்தச் சுவரைத்தான் வளர்த்தது.

நாலு வாரத்தில் தூபாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் காய்ச்சல். அப்போதுதான் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, டாக்டரின் அந்தக் கேள்வி, மொலூக்கின் அந்தப் பதில்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இரும்புக் கட்டில், ரெக்சின் மெத்தை, திறந்த ஜன்னல், பக்கத்துக் கட்டில்காரியின் புலம்பல். யூகலிப்டஸும் இல்லை, கம்பளியும் இல்லை. ஆனால் தூபா தேறிவிட்டாள்! மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து, மொலூக் கொண்டுபோன கத்தரிக்காய் பூண்டுக் கூட்டை ரொட்டியில் வழித்துச் சாப்பிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி இருமல். புதன்கிழமை காய்ச்சல்.

மொலூக் விரல் விட்டு நாள் கணக்குப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நல்லாயிருந்தவள் வீட்டுக்கு வந்தால் விழுகிறாள். இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டுமா? அவள் தூபாவிடம் போய், எங்களோடு கூடத்தில் வந்து படு, அங்கே கதகதப்பாக இருக்கும் என்றாள். உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம், இந்த அறை எனக்குச் சொர்க்கம் என்றாள் தூபா. கியூமர்ஸும் விருந்தாளியை ஏன் இடம் மாற்றுகிறாய் என்று அதட்டினான். அப்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கழுவத் தெரிந்தவளுக்குச் சொந்த வீட்டுச் சுவர் தெரியவில்லை என்று யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. அந்தக் குரல் செத்துப் போன மாமியாருடையது. வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

யாருக்கும் தெரியாமல் நானே சுத்தம் பண்ணிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டினாள்.

வியாழக்கிழமை தூபாவை ஸ்கேன் எடுக்க கியூமர்ஸ் காரில் கூட்டிப்போனான். இரண்டு மணி நேரம் கிடைக்கும். மொலூக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிடுவாளே என்று ஜன்னலையும் திறக்கவில்லை. அடுக்கை இழுத்துப் போட்டுக் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். அது கிழியவில்லை, தோல் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. தாம்பாளம் அகலமாக இருந்தது இப்போது சுவர் முழுக்க இருந்தது. சில இடத்தில் ரோமம் முளைத்தது போலக் கிடந்தது. கம்பி பிரஷ்ஷை எடுத்து, நனைக்காமல் கொள்ளாமல், வறட்டு வறட்டென்று தேய்த்தாள். கறுப்புத் தூள் புகையாய்க் கிளம்பியது. அது வெளியே போகட்டுமென்று ஒரு மின்விசிறியைப் போட்டுக் கூடத்துப் பக்கம் திருப்பிவிட்டாள். என்ன புத்தி! அறைக்குள் இருந்த பீடையை வீடு முழுக்க ஊதிவிட்ட மாதிரி ஆயிற்று.

அப்புறம் பிளீச்சை வாளியோடு ஊற்றினாள். சுவர் கொஞ்சம் வெளுத்தது. போதவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட் புட்டியைத் திறந்து அதையும் அதே வாளியில் கலந்தாள். இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம், புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். தெரிந்துதான் கலந்தாள். மஞ்சளாக ஒரு புகை எழும்பிக் கண்ணையும் மூக்கையும் பிடுங்கியது. நெஞ்சு அடைத்துக்கொள்ள, தவழ்ந்து வெளியே வந்து வாசல்படியில் விழுந்து இருமினாள். தூபா இப்படித்தான் இருமுகிறாள் என்று அப்போது தோன்றியது.

அவர்கள் திரும்பி வருவதற்குள் தரையைத் துடைத்து, காகிதத்தைச் சுருட்டிப் பரணில் போட்டு, சுவரில் ஒரு கம்பளத்தைத் தொங்கவிட்டிருந்தாள். பண்டிகைச் சுத்தம் என்றாள். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருக்கிறதே என்றான் கியூமர்ஸ். இந்த வருஷம் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டேன் என்றாள். தரை ஈரம் என்று சொல்லித் தூபாவைக் கூடத்தில் படுக்க வைத்தாள். அந்தக் கூடத்தில்தான் விசிறி ஊதிய தூள் அத்தனையும் இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தேநீர் கொடுக்கப் போனபோது தூபாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. பேச வாய் திறந்தாள், பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மொலூக் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக வண்டியில் ஏறினாள்.

இந்தத் தடவை டாக்டர் சொதூதே ஓதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குத்தான் பழைய தாளில் பதில் எழுதியிருந்ததே. நுரையீரல் முழுக்க வீங்கியிருக்கிறது, காரணம் பிடிபடவில்லை, நெஞ்சைத் திறந்து ஒரு சின்னத் துண்டு வெட்டியெடுத்துப் பரிசோதிக்க வேண்டும், இருக்கிற நிலைமையில் மயக்க மருந்தைத் தாங்குவாளா என்பதே சந்தேகம், ஆனால் வேறு வழியில்லை என்று கியூமர்ஸிடம் கையெழுத்துக் கேட்டார். கியூமர்ஸ் பேனாவை வாங்கினான்.

மொலூக் அந்தப் பேனாவைப் பிடித்தாள்.

"வெட்ட வேண்டாம் டாக்டரம்மா. பூசணம் இருக்கு. அவ படுத்திருந்த அறையில, சுவர் முழுக்க. ரெண்டு வருஷமா இருக்கு. எனக்குத் தெரியும்."

டாக்டர் பழைய தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு மொலூக்கைப் பார்த்தார். அவர் வயசுக்கு மொலூக்கின் மகளாக இருக்கலாம்.

"நான் கேட்டு பன்னெண்டு நாள் ஆச்சு கானூம். அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்த வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட மொலூக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேற்று சுவரைச் சுரண்டியதையும் விசிறி போட்டதையும் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. ஆபரேஷனை நிறுத்திவிட்டு வேறு மருந்தை ஆரம்பித்தார். வீக்கம் வடியும், ஆனால் தழும்பு விழுந்த இடம் விழுந்ததுதான், அது திரும்பாது என்றார். கியூமர்ஸ் தேநீர் வாங்கிவருகிறேன் என்று போனவன் ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். இதைத் தூபாவிடம் நானே சொல்கிறேன், நீங்கள் யாரும் சொல்லாதீர்கள் என்று மொலூக் இருவரிடமும் கெஞ்சினாள்.

மறுநாள் ஸஃபர் வந்தான். வந்ததும் வராததுமாக, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போன் பண்ணினீர்களே, அதே சுவரா என்று கேட்டான். கெட்டிக்காரன், எதையும் மறக்கிற ஜாதியில்லை. மொலூக் வாளியும் பிரஷ்ஷுமாகத் தயாராக நின்றாள். நான் செய்த பாவத்தை நானே கழுவுகிறேன், நீ தள்ளி நில் என்றாள்.

"தண்டனை வேணும்னா வேற எங்கயாவது தேடிக்குங்க கானூம்" என்றான் ஸஃபர். "மூக்குக்கு மூடி போடாம இந்த அறைக்குள்ள ஒரு கால் வைக்க விடமாட்டேன். இன்னொரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்க எனக்கு முதுகு இல்லை."

தூசு புகாத தடித்த முகமூடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி என்று ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தான். முதலில் உள்கதவைப் பிளாஸ்டிக் தாளால் மூடி நாலு பக்கமும் டேப் ஒட்டினான், கூடத்துக்கு ஒரு பொட்டுத் தூள் போகக் கூடாதென்று. ஜன்னலை அகலத் திறந்தான். மழைச்சாரல் உள்ளே வந்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மொலூக் திரும்பிப் பார்த்தாள், தலையைக் குனியவில்லை. பார்த்துக்கொள்ளட்டும்.

சுவரை வறண்டபடி தொடவே கூடாது, முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனை, நனைந்தால் தூள் பறக்காது என்றான். பிளீச் புட்டியைக் கண்டதும் அவனுக்குக் கோபம் வந்தது. கண்ணாடி, ஓடு, ஜன்னல் சட்டம் என்றால் சோப்புப் போட்டுத் துடைத்துக் காய வைத்தால் போதும். சுண்ணாம்புப் பூச்சுக்குள் வேர் ஓடினதைப் பிளீச் ஊற்றி என்ன பண்ணுவது? மேலே வெளுக்கும், உள்ளே இருக்கிறது இருக்கும், ஊற்றின தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் வளரும். ஆகவே பூச்சை உடைத்தே ஆக வேண்டும். கறுப்பு முடிகிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, நல்ல சுவர் என்று நினைக்கிற இடத்தையும் சேர்த்து, செங்கல் தெரிகிறவரை உடைத்தார்கள். விழுந்த காரையை அங்கேயே தடித்த பையில் போட்டு வாயைக் கட்டி, வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்காமல் ஜன்னல் வழியாகவே இறக்கினார்கள்.

படுக்கைகளிடம் வந்தபோது மொலூக் தயங்கினாள். கழுவிக் காய வைக்கிறேனே என்றாள். கம்பளிக்குள் போனது கழுவினால் வராது, வெயில் இந்த ஊரில் எப்போது வரப்போகிறது என்றான் ஸஃபர். அப்பா ஆட்டுரோமம் வாங்கிக் கொடுத்து, அம்மா கையால் தைத்த சீதன மெத்தை. அதை அவளே பைக்குள் திணித்துக் கட்டினாள். அழுகை வரவில்லை. தூபா ஒரு மாசத்துக்கு மேல் அதில் முகத்தை வைத்துத் தூங்கினாள் என்ற நினைப்புதான் வந்தது. அதைவிட அழுகை வந்திருந்தால் தேவலை.

வெளியே ஸஃபர் தகரத்தைக் கழற்றினான். கூரைக்கடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இணைப்பு விட்டிருந்தது. அடைக்க அரைமணி நேரம் பிடித்தது. அரைமணி நேரம்தான். மொலூக் கீழே மழையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்திலும் மற்ற அறைகளிலும் தரை, அலமாரி, விளக்கு என்று ஒன்றுவிடாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள், துடைத்த துணியையும் எறிந்தார்கள். செங்கல் சுவரை அப்படியே அம்மணமாக விட்டுவிட்டுப் போனான் ஸஃபர். ஒரு மாசமோ இரண்டு மாசமோ, தொட்டால் காய்ந்திருக்க வேண்டும், அதுவரை பூச மாட்டேன், காகிதம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, தினமும் ஜன்னலைத் திற, ஹீட்டர் மேல் பானை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான். வெறும் செங்கலோடு நிற்கிற விருந்தாளி அறையை மொலூக் வருகிறவர்களுக்கெல்லாம் தானே திறந்து காட்டினாள். இதை இரண்டு வருஷம் மூடி வைத்திருந்தேன் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். 

சொல்ல வேண்டியவளிடம் மட்டும் சொல்லவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள், சூப்பு கொண்டுபோனாள், தலை வாரிவிட்டாள், திரும்பி வந்தாள். இன்று சொல்லிவிடலாம் என்று போவாள். தூபா அவள் கையைப் பிடித்து, உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் கொடுக்கிறேன் அண்ணி என்பாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

பதினாறாம் நாள் தூபாவை அனுப்பினார்கள். கூடவே ஒரு ஆக்சிஜன் இயந்திரம், மூக்கில் குழாய், இனி எங்கே போனாலும் அதோடுதான். ஓதமுள்ள ஊரில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது, தெஹ்ரானில் நாலாவது மாடியில் வெயில் படுகிற அவளுடைய பழைய வீடே மேல் என்றார் டாக்டர். கியூமர்ஸ் காரைக் கொண்டுவரப் போனான். வாசல் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

மொலூக் சொன்னாள். எல்லாவற்றையும், காகிதம் வாங்கின கடையிலிருந்து டாக்டரிடம் சொன்ன பொய் வரை, எதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பாமல் சொன்னாள். முடித்துவிட்டு, நீ என்னைக் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

தூபா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த அன்னிக்கே வாசம் தெரிஞ்சுது அண்ணி. மெத்தையில, சுவர்ல, எல்லாத்துலயும். தலை வைச்சதும் தெரிஞ்சுது."

மொலூக் அவளையே பார்த்தாள்.

"உங்க வீட்டுல நாத்தம் அடிக்குதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? எங்கம்மா சொன்னது போதாதா? எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு டாக்டர் என்கிட்டயும் வந்து கேட்டாங்க, வீட்டுல மக்கின வாடை ஏதாவது வருதான்னு. இல்லைன்னுதான் சொன்னேன்."

மொலூக்குக்குத் தலையில் இடி இறங்கியது. ஒரு வாயில் வராத உண்மை இன்னொரு வாயிலிருந்தாவது வந்திருக்கலாம். இரண்டு பேரும் ஒருத்தி மானத்தை ஒருத்தி காப்பாற்றி, நுரையீரலை விட்டுவிட்டார்கள். அந்தப் பதினோரு வயசுப் பெண் தனக்காக எழுந்து வந்து உட்கார்ந்ததற்கு இதுவா பலன்? கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. தூபாவின் மடியில் முகத்தை வைத்து, ஆஸ்பத்திரி வாசலில் போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

கார் வந்தது. கியூமர்ஸ் இயந்திரத்தைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான். மொலூக் முக்காட்டு நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், சுவர் காய்ந்ததும் சொல்கிறேன், புது மெத்தை தைத்து வைக்கிறேன், அடுத்த கோடைக்கு வந்துவிடு என்றாள்.

"கண்டிப்பா வரேன் அண்ணி. உங்க வீட்டை விட்டா எனக்கு வேற எது வீடு?" என்றாள் தூபா.

மொலூக் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாத்தவில்லை.

"மரியாதைக்குச் சொல்லாதே தூபா. இனிமே நமக்குள்ள அது வேண்டாம். நிஜத்தைச் சொல்லு. வருவியா?"

தூபா மூக்குக் குழாயைச் சரி செய்துகொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"வரமாட்டேன் அண்ணி. எனக்கு பயமா இருக்கு."

"சரிம்மா" என்றாள் மொலூக். "நானே அங்க வரேன்." அவள் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.